பெல்லி டான்ஸ் ஆடினால் உடம்புக்கும் மனசுக்கும் என்ன கிடைக்கும்? மதுரைப் பக்கத்துப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பெல்லி டான்ஸ் கற்க நினைக்கும் பெண்களிடம் இருக்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். பாதிக் கேள்விகளைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். உடல்நலம் பற்றிச் சொல்லியிருப்பது பொதுவான வழிகாட்டுதல். உங்களைப் பரிசோதித்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பெல்லி டான்ஸ்ண்டா வயித்தை ஆட்டுறதுதானே? அதுல என்ன உடற்பயிற்சி இருக்கு?

பெயர்தான் ஏமாற்றுகிறது. எகிப்தில் இதை ரக்ஸ் ஷர்கி என்கிறார்கள். 'கிழக்கத்திய நடனம்' என்று பொருள். 'வயிறு' என்பது பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் வழியாக ஆங்கிலத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஆட்டத்தில் பெரும்பங்கு இடுப்பெலும்பு, விலாக்கூடு, தோள், கை இவற்றுக்குத்தான். வயிற்றை மட்டும் அலையடிக்கும் அசைவுகள் ஒன்றிரண்டுதான் உண்டு, அவற்றையும் பல மாதம் கழித்துத்தான் கற்றுக்கொடுப்பார்கள்.

ஒரு பாகம் அசையும்போது மற்றவை அசையாமல் நிற்க வேண்டும் என்பதே இந்த ஆட்டத்தின் இலக்கணம். வலது இடுப்பு மட்டும் ஏறி இறங்க வேண்டுமானால் இடது கால் முழு எடையையும் தாங்க வேண்டும், புட்டத்துத் தசை பிடித்து நிற்க வேண்டும், வயிற்றின் ஆழத்துத் தசையும் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகளும் உடம்பை நேராக வைத்திருக்க வேண்டும். பார்ப்பவருக்கு ஆடும் இடுப்பு மட்டும் தெரியும். உழைப்பில் பாதி ஆடாத பாகத்தில் நடக்கிறது. குதிப்பதும் ஓங்கி மிதிப்பதும் குறைவு என்பதால் மூட்டில் அதிர்ச்சி விழுவதும் குறைவு.

எங்க ஊரு கரகாட்டம் மாதிரிதானா இது?

ஒற்றுமை இருக்கிறது, ஆனால் வேறு ஆட்டம். கரகாட்டத்தில் நையாண்டி மேளத்தின் வேகத்தைக் கால் வாங்கிக்கொள்கிறது, தலைக்கு மேல் கரகம் அலுங்காமல் நிற்கிறது. பெல்லி டான்ஸில் கால் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே இருக்கும், தாளத்தை இடுப்பு வாங்கிக்கொள்ளும். தலையில் சுமை நிறுத்தும் வழக்கம் அங்கும் உண்டு. எகிப்தியத் திருமணங்களில் எரியும் மெழுகுவத்திகள் செருகிய ஷமதான் என்ற கிளைவிளக்கைத் தலையில் தாங்கி ஆடுவார்கள். சிறு வயதில் கும்மியோ கரகமோ ஆடியவர்களுக்குத் தாளமும் நேர்முதுகும் சீக்கிரம் வந்துவிடும்.

பேரைக் கேட்டாலே எங்க மாமியார் மூஞ்சி மாறுது. இது மோசமான ஆட்டம் இல்லையாக்கா?

எகிப்திலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் இது முதலில் வீட்டு ஆட்டம். திருமணத்திலும் பிள்ளை பிறந்த வீட்டிலும் பெண்கள் தங்களுக்குள் ஆடுவது. பாட்டி ஆடுவாள், பேத்தி பார்த்துக் கற்றுக்கொள்வாள். அந்த நாட்டுப்புற வடிவத்துக்கு ரக்ஸ் பலதி என்று பெயர். 1920-களில் கெய்ரோவில் பதியா மசப்னி என்ற பெண்மணி நடத்திய அரங்கில் அது மேடை நடனமாக வளர்ந்தது. அங்கே ஆடிய தஹியா கரியோக்கா, சாமியா கமால் போன்றவர்கள் எகிப்தியத் திரைப்படங்களின் பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள். நாம் படங்களில் பார்க்கும் மணி வைத்த மேலாடையும் இடுப்புப் பட்டையும் இந்த மேடை, சினிமா காலத்தில் நிலைத்தவை. வீட்டில் ஆடும் பெண் கணுக்கால் வரை தொங்கும் அங்கியில்தான் ஆடுகிறாள்.

கரகாட்டத்துக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். மாரியம்மனுக்கு எடுக்கும் கரகத்தோடு சேர்ந்த கலை அது. அதை ஆடும் பெண்களைச் சிலர் பார்த்த பார்வையால் ஆட்டத்தின் பெயரே கெட்டது. திருவிழா ஆடல் பாடலுக்கு ஆபாசம் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிபந்தனை போட வேண்டிய நிலையும் வந்தது. எகிப்திய ஆட்டக்காரிகள் பட்ட பாடும் இதுதான். ஆடியவள் மேல் பழி போடுவது நியாயமில்லை என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். மாமியாரிடம் விளக்கிக்கொண்டிருப்பதைவிட ஒரு நாள் வகுப்புக்குக் கூட்டி வந்து உட்கார வையுங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் அறை, முழு உடுப்பு, முதல் 20 நிமிடம் எல்லாரும் முழங்காலை மடக்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள். முகம் தானாக மாறும்.

என்ன துணி போடணும்? வயிறு தெரிஞ்சாத்தான் ஆகுமா?

தெரிய வேண்டியதில்லை. லெக்கிங்ஸ், உடம்போடு ஒட்டிய பனியன் துணிச் சட்டை, இடுப்பில் கட்ட ஒரு துணி, அவ்வளவுதான். அந்தத் துணிக்கு நம் ஊர்ச் சுங்குடியே போதும். ஒன்றரை மீட்டர்ப் பருத்தித் துணியைக் குறுக்காக மடித்து, இடையில் அல்லாமல் இடுப்பெலும்பின் முட்டுக்கு மேல் இறுக்கி, பக்கத்தில் முடிச்சுப் போடுங்கள். துணியின் விளிம்பு எங்கே அசைகிறது என்று கண்ணாடியில் பார்த்தே இடுப்பு சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

நைட்டி வேண்டாம், முழங்கால் மடங்கியிருக்கிறதா என்பது தெரியாது. சேலையும் தொடக்கத்தில் சரிவராது. கொசுவம் முழங்காலை மறைக்கும். அதைவிட முக்கியம், பாவாடை நாடா வயிற்றை இறுக்கிப் பிடித்திருப்பதால் மூச்சு மேலேயே நின்றுவிடும். காசு தொங்கும் துணியை முதல் மாதம் வாங்க வேண்டாம். அசைவு தப்பாக இருந்தாலும் காசு சத்தம் போடும், காது ஏமாந்துவிடும்.

எங்க வீட்டுல மொசைக் தரை, ஹாலும் சின்னது. போதுமா?

ஆறடிக்கு ஆறடி இடம் இருந்தால் போதும். மொசைக்கோ டைல்ஸோ, ஈரமும் எண்ணெயும் இல்லாமல் இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் உள்ளங்காலைச் சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டு ஆடுங்கள். வெறுங்கால்தான் நல்லது. சாக்ஸ் வழுக்கும். யோகா விரிப்பு காலைப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது பாதம் நின்றுபோய் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பீரோ கண்ணாடியில் தலை முதல் முழங்கால் வரை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயில்ல ஆடலாமா?

காலை 7 மணிக்குள், அல்லது மாலை 6.30-க்கு மேல். மொட்டை மாடி பகல் சூட்டை இரவு வரை கக்கும், கோடையில் அங்கே வேண்டாம். ஆடுவதற்கு அரை மணி முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர், முடித்தபின் உப்புப் போட்ட நீர்மோர். தலை கனத்தாலோ, குமட்டினாலோ, வியர்வை திடீரென நின்றாலோ ஆட்டத்தை நிறுத்தி நிழலுக்குப் போய் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தெளியவில்லை என்றால், அல்லது பேச்சு குழறினால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நேரா கேக்குறேன், தொப்பை குறையுமா?

வயிற்றுக் கொழுப்பை மட்டும் குறைக்கும் ஆட்டம் எதுவும் கிடையாது. இடுப்பை அசைத்தால் இடுப்புக் கொழுப்பு கரையும் என்பது விளம்பரப் பேச்சு. உழைப்பைப் பொறுத்தவரை இது மிதமான உடற்பயிற்சி. உடல் உழைப்பு அட்டவணைகளில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல 4.5 மடங்கு என்று குறித்திருக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவர் 40 நிமிடம் விடாமல் ஆடினால் ஏறக்குறைய 180 கலோரி செலவாகும். ஒரு பன் பரோட்டா சால்னாவோடு உள்ளே போனால் அந்தக் கணக்கு தீர்ந்தது.

ஆனால் இரண்டு, மூன்று மாதத்தில் எடை மாறாமலே உருவம் மாறுவதைப் பலர் கவனிக்கிறார்கள். காரணம் நிற்கும் விதம். இடுப்பெலும்பு முன்னால் சாய்ந்திருந்தால் வயிறு வெளியே தள்ளித் தெரியும். அது நேரானால் அதே வயிறு உள்ளே போன மாதிரி தெரியும். எடையும் குறைய வேண்டுமானால் சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்பையும் எட்ட வேண்டும். 40 நிமிட ஆட்டம் வாரம் மூன்று முறை, கூடவே வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி இரண்டு நாள் நடை என்றால் கணக்கு சரியாக வரும்.

நாள் பூரா உக்காந்தே வேலை, இடுப்பு வலி இருக்கு. ஆடினா குறையுமா கூடுமா?

சரியாக நின்று ஆடினால் பெரும்பாலும் குறையும், தப்பாக நின்று ஆடினால் கட்டாயம் கூடும். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து நில்லுங்கள். கீழ்முதுகின் வளைவுக்கும் சுவருக்கும் இடையே கையை நுழையுங்கள். விரித்த உள்ளங்கை மட்டும் போக வேண்டும். மடக்கிய கை முஷ்டியே போனால் முதுகு அதிகம் வளைந்திருக்கிறது. இப்போது இரண்டு முழங்காலையும் லேசாக மடக்கி, வால் எலும்பில் கனமான குண்டு கட்டிய ஒரு கயிறு தொங்குவதாக நினைத்து அதைக் கீழே விடுங்கள். இடைவெளி சுருங்கும். அந்த நிலையோடு சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வாருங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில், ஒன்றுக்கொன்று இணையாக. இதுதான் அடிப்படை நிலை. எல்லா அசைவும் இங்கிருந்து தொடங்கி இங்கேயே வந்து முடியும்.

தவறு இரண்டு வகை. அழகாகத் தெரியட்டும் என்று பின்பக்கத்தைத் தூக்கி ஆடுவது ஒன்று. அப்போது இடுப்பின் ஒவ்வொரு ஏற்றமும் கீழ்முதுகின் மூட்டுகளை நெரிக்கும், மறுநாள் காலையில் எழும்போது தெரியும். வயிற்றை எக்கிப் பிடித்து ஆடுவது மற்றொன்று. அப்போது விலாவும் இடுப்பும் ஒரே கட்டையாகிவிடும், அசைவு முழுக்க முதுகிலிருந்து வரும். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, டிஸ்க் கோளாறு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாலோ முதலில் மருத்துவர், பிறகுதான் ஆட்டம். கால் பலமிழந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்படவில்லை என்றாலோ அது அவசர சிகிச்சைக்கு உரியது, ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.

ஹிப் டிராப் எனக்கு வரவே மாட்டேங்குது. தோளுதான் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுது.

எடை இரண்டு காலிலும் பாதிப்பாதி நிற்பதுதான் காரணம். இடது பாதம் முழுக்கத் தரையில், உடம்பின் எடை முழுக்க அதன் மேல். வலது பாதத்தை அரை அடி முன்னால் வைத்து, முன்பாதம் மட்டும் தரையில் பட, குதிகாலைத் தூக்குங்கள். இரண்டு முழங்காலும் மடங்கியிருக்கட்டும். வலது முழங்காலைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள், இடுப்பு ஏறும். சட்டென்று தளர்த்துங்கள், விழும். விழுவதுதான் அசைவு, அதைக் கீழே தள்ள வேண்டாம்.

சரியாகச் செய்கிறோமா என்று பார்க்க ஒரு சோதனை: வலது காலை எந்த நொடியிலும் தரையிலிருந்து எடுக்க முடிய வேண்டும். எடுத்தால் சாய்கிறீர்கள் என்றால் எடை முழுதாக மாறவில்லை. தோள் இன்னமும் ஆடினால் இரு கையையும் பக்கவாட்டில் சுவரில் ஊன்றிக்கொண்டு ஒரு வாரம் பழகுங்கள். பக்கத்துக்கு 16 தடவை, மூன்று சுற்று. இரண்டு பக்கமும் சமமாக. வராத பக்கத்தில் முதலில் தொடங்குங்கள், களைப்பதற்கு முன்னால் அது கற்றுக்கொள்ளட்டும்.

ஷிம்மி போட்டா ஒரே நிமிஷத்துல தொடை பிடிச்சுக்குது.

நடுக்கத்தைத் தொடையிலிருந்து வரவழைக்கப் பார்க்கிறீர்கள். முழங்கால்கள் மாறி மாறி மடங்கி நிமிர, இடுப்பு தானாக ஆடுவதே ஷிம்மி. குதிகால் இரண்டும் தரையில். முழங்கால் நகரும் தூரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். ஒருபோதும் பின்னால் பூட்டிக்கொள்ளும்வரை நிமிர்த்தக் கூடாது.

நொடிக்கு ஒன்று என்று மெதுவாகத் தொடங்குங்கள். 30 விநாடி ஆட்டம், 30 விநாடி ஓய்வு, பத்துத் தடவை. ஒரு வாரம் சீராக வந்தபின் வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். பிடித்துக்கொண்டால் மூன்றைச் சரிபாருங்கள்: கால்விரல் தரையைக் கவ்வுகிறதா, பல்லைக் கடித்திருக்கிறீர்களா, மூச்சை நிறுத்தியிருக்கிறீர்களா. ஆடிக்கொண்டே வீட்டு ஆளோடு பேசுங்கள். பேச்சு வந்தால் மூச்சும் வருகிறது.

அரபிப் பாட்டோட தாளம் பிடிபடவே இல்ல. நம்ம பாட்டுக்கு ஆடக்கூடாதா?

ஆடலாம். ஆனால் எகிப்தியத் தாளம் ஒன்றையாவது பழகிக்கொள்ளுங்கள், அசைவுகள் அதற்குள்ளிருந்து பிறந்தவை. தர்புகா என்ற மண்ணுடல் கைமுழவில் நடுவே விழும் அடி 'தும்', விளிம்பில் விழுவது 'தக்'. மக்சூம் என்ற தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: தும், தக், ஓய்வு, தக், தும், ஓய்வு, தக், ஓய்வு. தொடையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். ஆதி தாளம் கேட்டு வளர்ந்த காதுக்கு எட்டு புதிதில்லை. முதல் 'தக்'கை 'தும்' ஆக்கினால் அதுவே பலதி தாளம். இடுப்பு விழுவது 'தும்' மேல்.

நம் குத்துப் பாட்டு பெரும்பாலும் மும்மூன்றாக நடை போடும், வேகமும் அதிகம். தொடக்கத்தில் அதற்கு ஆடினால் அசைவு முடியுமுன் அடுத்த அடி வந்துவிடும், உடம்பு முழுதும் குலுங்கத் தொடங்கிவிடும். மெதுவான மெலடிக்கு இடுப்பில் எட்டு போட்டுப் பழகுங்கள். லைசென்ஸுக்கு வண்டியில் போட்ட எட்டுத்தான், இங்கே தரையில் இல்லாமல் இடுப்பெலும்பால் வரைய வேண்டும்.

சிசேரியன் ஆகி எட்டு மாசம் ஆச்சு. ஆடலாமா?

பேறுகாலத்துக்குப் பின் ஆறு வாரத்தில் செய்யும் பரிசோதனையில் எல்லாம் சரி என்று சொல்லியிருந்து, இப்போது வலியோ புண்ணோ இல்லை என்றால் பெரும்பாலும் ஆடலாம். அதற்கு முன் வயிற்றுத் தசை விலகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களைக் குறுக்காக வைத்துத் தலையை மட்டும் தூக்குங்கள். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் விழுந்தாலோ, வயிற்றின் நடுவே கூரை முகடு மாதிரி புடைத்து நின்றாலோ பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த நிலையில் வயிற்று அலையும் பின்னால் வளைவதும் விலகலைக் கூட்டும்.

முதல் மாதம் இடுப்பைப் பக்கவாட்டில் நகர்த்துவது, சிறு வட்டம், எட்டு, கையசைவு மட்டும் போதும். தையல் போட்ட இடத்தில் உணர்வு குறைந்திருப்பது சகஜம். அதனால் கீழ்வயிறு அசைகிறதா இல்லையா என்பதே சிலருக்குத் தெரியாது. உள்ளங்கையை அங்கே வைத்துக்கொண்டு பழகினால் மெதுவாகப் பிடிபடும்.

இருமினா தும்மினா லேசா கசியுது. யார்கிட்டயும் சொல்லல. ஆடும்போது அசிங்கமாயிருமோ?

இதைச் சொல்லாமல் வைத்திருக்கும் பெண்கள் ஏராளம். பிள்ளை பெற்றதனாலும் வயதாலும் இடுப்புத் தளத்துத் தசை தளர்வதுதான் பொதுவான காரணம். வெட்கப்பட ஒன்றுமில்லை, சிகிச்சையும் இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள், சிறுநீரில் தொற்று இருந்தாலும் இப்படி ஆகலாம்.

மெதுவான இடுப்பு வட்டமும் எட்டும் அந்தப் பகுதியை உணர வைக்கும். அதோடு தசையை மேலே இழுத்து 5 விநாடி பிடித்து, 5 விநாடி விடும் பயிற்சியை 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை செய்ய வேண்டும். விடுவதும் பயிற்சியில் பாதி. மூச்சடக்கி வயிற்றை வெளியே தள்ளும் அசைவு இப்போது வேண்டாம், அது அழுத்தத்தைக் கீழே இறக்கும். வேகமான ஷிம்மியும் கசிவு நிற்கும்வரை பொறுக்கட்டும். அடி (கருப்பை) கீழே இறங்கின மாதிரி கனமாக இருந்தால் ஆடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கர்ப்பமா இருக்கும்போது ஆடினா சுகப்பிரசவம் ஆகுமாமே?

அப்படி யாரும் உறுதி தர முடியாது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர், சிக்கல் இல்லாத கர்ப்பம், மருத்துவர் சம்மதம் இருந்தால் மெதுவான வட்டமும் எட்டும் தொடரலாம், இடுப்புப் பிடிப்பு தளரும். அப்போது மூட்டு நார்கள் இளகியிருக்கும், ஆகவே வெடுக்கென்ற அசைவு, சுழற்சி, பின்வளைவு, நெடுநேர ஷிம்மி, வெயில் ஐந்தும் கூடாது. புதிதாகக் கற்கத் தொடங்க அது நேரமில்லை.

பீரியட்ஸ் நாள்ல ஆடலாமா? பிசிஓடி சரியாகுமா?

உடம்பு ஒத்துழைத்தால் அந்த நாட்களிலும் ஆடலாம். மெதுவான வட்டம் சிலருக்கு வயிற்றுப் பிடிப்பைக் குறைக்கிறது. முடியாத நாளில் ஓய்வு எடுங்கள். பிசிஓடிக்கு முறையான உடற்பயிற்சி நல்லது, இந்த ஆட்டமும் அதில் ஒன்று. இடுப்பை ஆட்டினால் சூலகம் தூண்டப்படும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

எனக்கு 58 வயசு, மூட்டுத் தேய்மானம். இந்த வயசுல இதெல்லாம் தேவையாண்டு பிள்ளைகள் கேக்குதுக.

தேவைதான். நின்று ஆடுவதால் எலும்புக்கு எடை தாங்கும் பயிற்சி கிடைக்கிறது. எடையை ஒரு காலிலிருந்து மற்றதுக்கு மாற்றிப் பழகுவதால் தடுமாறி விழும் அபாயம் குறையும். முழங்கால் பாதத்தின் நேர்க்கோட்டிலேயே மடங்க வேண்டும், உள்ளே சாயக் கூடாது. சுழற்சியும் உட்கார்ந்து எழும் அசைவும் வேண்டாம்.

வலி அதிகமான நாளில் கைப்பிடி இல்லாத நாற்காலியின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து விலாவைப் பக்கவாட்டில் நகர்த்துவது, ஒரு பக்க இடுப்பைத் தூக்கி இறக்குவது, கையலை மூன்றையும் 15 நிமிடம் செய்யலாம். ஆடி இரண்டு மணி நேரம் கழித்தும் மூட்டு வலி ஆடுவதற்கு முன் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தால் அடுத்த தடவை நேரத்தைப் பாதியாக்குங்கள். பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் ஆடக் கூடாது.

வீடு, ஆபீஸ், பிள்ளை படிப்புண்டு தலை வெடிக்குது. இதுல மனசு லேசாகுமா?

ஆகும், அதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. வலது இடுப்பை ஏற்றி, தோளை நிறுத்தி, 'தும்' எங்கே விழுகிறது என்று காதில் வாங்கும்போது நாளைக்குக் கட்ட வேண்டிய ஃபீஸைப் பற்றி யோசிக்க இடமிருக்காது. எட்டு எண்ணிக்கை திரும்பத் திரும்ப வருவது மூச்சை ஒழுங்குக்குக் கொண்டுவரும். தசை வேலை செய்வதால் இரவுத் தூக்கமும் சரியாகும். அதோடு, யாருக்கும் சமைக்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல், நாலு பெண்களோடு 40 நிமிடம். நம் பக்கத்துப் பெண்களுக்கு அப்படி ஒரு நேரம் கிடைப்பது அரிது.

சிலருக்கு இடுப்பு தளரும்போது காரணம் தெரியாமல் அழுகை வரும். பயப்பட வேண்டாம். நின்று, பாதம் தரையில் அழுந்துவதைக் கவனித்து, மூச்சை நீட்டி விடுங்கள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஆடலாம், அன்றைக்கு உட்கார்ந்து பார்த்துவிட்டும் போகலாம். யாரும் காரணம் கேட்கக் கூடாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம், பசி கெட்டு இருந்தால் ஆட்டம் மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே அழையுங்கள்.

கண்ணாடியில என் வயித்தைப் பாத்தாலே எரிச்சலா வருது. மெலிஞ்சபெறகு வரட்டுமா?

இப்போதே வாருங்கள். போட்டோ எடுக்கும்போது முந்தானையை இழுத்துவிடுவோம், மூச்சை எக்குவோம். பதின்மூன்று வயதிலிருந்து செய்து செய்து அது பழக்கமாகிவிட்டது. இந்த ஆட்டத்தில் அந்தப் பழக்கம் செல்லாது. எக்கிப் பிடித்த வயிறு அசையாது, இடுப்புவலிக் கேள்வியில் சொன்னபடி முதுகையும் கெடுக்கும். ஆகவே ஆசிரியர் முதல் நாளே "வயிற்றை விடுங்கள்" என்பார். சொல்லுக்குக் கீழ்ப்படிய வயிறு பல வாரம் எடுத்துக்கொள்ளும். விட்ட பிறகு, மறைக்க வேண்டிய சுமையாக இருந்த இடம் வேலை செய்யும் இடமாக மாறுகிறது. சதைப்பற்றுள்ள இடுப்பில் ஷிம்மி தெளிவாகத் தெரியும் என்பதும் உண்மை.

2014-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று பெல்லி டான்ஸ் ஆடும் பெண்களையும், ஆடியே பழக்கமில்லாத கல்லூரிப் பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஆடுபவர்களிடம் தன் உடம்பைப் பற்றிய நல்லெண்ணம் கூடுதலாகவும், அதைப் பிறர் கண்ணால் பார்த்து அளக்கும் வழக்கம் குறைவாகவும் இருந்தன. ஆட்டம்தான் காரணமா, அப்படிப்பட்டவர்கள்தான் ஆட வருகிறார்களா என்பதை இத்தகைய ஒப்பீடு முடிவுகட்டாது. ஆனால் வெட்கத்தோடு வந்து வெட்கம் குறைந்து போகிறவர்கள் வகுப்பு தோறும் உண்டு.

யாராச்சும் வீடியோ எடுத்துப் போட்டுருவாங்களோண்டு பயமா இருக்கு.

நியாயமான பயம். சேருமுன் கேளுங்கள்: போன் வெளியே வைக்கப்படுமா, படம் எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்பார்களா, சன்னலுக்குத் திரை உண்டா? பழைய அறுவைசிகிச்சை, வலி பற்றி ஆசிரியர் கேட்கிறாரா, தொட்டுத் திருத்துமுன் அனுமதி கேட்கிறாரா என்றும் பாருங்கள். இதில் எதற்காவது மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

நான் வாடிப்பட்டிப் பக்கம். இங்கிட்டு கிளாஸே இல்ல. யூடியூப் பாத்துக் கத்துக்கலாமா?

அடிப்படையைக் கற்கலாம். முழங்கால், மூச்சு, எடை எந்தக் காலில் என்று சொல்லித் தருபவரைத் தேர்ந்தெடுங்கள், ஆடிக் காட்ட மட்டும் செய்பவரை விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஓர் அசைவு. உங்கள் போனை இடுப்பு உயரத்தில் வைத்து முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் தூக்கியிருப்பது முன்னாலிருந்து தெரியாது. பார்த்ததும் அழித்துவிடலாம். மாதம் ஒரு முறையாவது மதுரை வந்து தெரிந்தவரிடம் நேரில் காட்டித் திருத்திக்கொள்வது நல்லது, தப்பாகப் பழகியதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

ஆம்பளைங்க ஆடலாமா? வீட்டுக்காரர் கிண்டலாத்தான் கேட்டாரு.

தாராளமாக. எகிப்திய நாட்டுப்புற நடனங்களை மேடைக்குக் கொண்டுவந்த மஹ்மூத் ரெடா ஓர் ஆண். 1959-இல் கெய்ரோவில் தன் குழுவைத் தொடங்கினார். நம் சிலம்பம் மாதிரி தஹ்தீப் என்ற கம்பு விளையாட்டும் அங்கே ஆண்களுடையது. 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதையொட்டிப் பெண்கள் கைத்தடி வைத்து ஆடும் வடிவமும் உண்டு.

மூணு மாசம் ஆச்சு. வெயிட் 300 கிராம்கூடக் குறையல. முன்னேறுறேனாண்டு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?

எடை மெஷினை விட்டுவிட்டு நான்கு சோதனை செய்யுங்கள். சுவர்ச் சோதனையில் முஷ்டி போன இடத்தில் இப்போது உள்ளங்கை மட்டும் போகிறதா? சுவரைப் பிடிக்காமல் ஒரு காலில் 30 விநாடி நிற்க முடிகிறதா, இரண்டு பக்கமும் சமமாக? மூன்று நிமிடப் பாட்டு முழுக்க ஷிம்மி போட்டுக்கொண்டே பேச முடிகிறதா? நான்காவது, கரகத்தின் வேலை: பழைய துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, கால்பங்கு தண்ணீர் ஊற்றிய சிறிய எவர்சில்வர் சொம்பை அதன் மேல் நிறுத்தி, பக்கத்துக்கு எட்டு ஹிப் டிராப்.

சொம்பு சாய்ந்தால் முழங்கால் மடங்கவில்லை அல்லது எடை முழுதாக மாறவில்லை, ஹிப் டிராப் கேள்வியில் சொன்ன சோதனைக்குத் திரும்புங்கள். தண்ணீர் மட்டும் அலம்பினால் இடுப்பை விழவிடாமல் தள்ளுகிறீர்கள். நான்கில் இரண்டு வந்துவிட்டால் மூன்று மாதத்துக்கு அது நல்ல வளர்ச்சி. முடித்ததும் தரையைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பாட்டைப் போட வேண்டும், ஈர மொசைக்கில் யாரும் வழுக்கக் கூடாது.